ஒரே பென்டிரைவ், மூன்று பாகப்பத்திரங்கள்

பள்ளத்தூரிலிருந்து என்னிடம் கணினிப் பழுதுவேலை கற்றுக்கொள்ள வரும் கல்லூரி மாணவர் ஒருவர், சென்ற வாரம் ஒரு 16 ஜிபி பென்டிரைவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "அண்ணே, இது போயிருச்சுண்ணே. டெபியன் எழுதினேன், நல்லா பூட் ஆச்சு. இப்ப விண்டோஸ்ல போட்டா ரெண்டரை எம்பின்னு காட்டுது" என்றார். டெபியன் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை; பூட் ஆவது என்றால் கணினி அதிலிருந்து தொடங்கி இயங்குவது. வாங்கிய கடையில் கேட்டதற்குப் போலிச் சரக்காக இருக்கும் என்று சொல்லிவிட்டார்களாம். லினக்ஸில் பார்ட்டெட் என்னும் கருவியைக் கொண்டு திறந்து பார்த்தபோது, வட்டின் பிளாக் அளவு (ஒருமுறைக்கு எழுதிப் படிக்கும் துண்டின் அளவு) 2048 பைட் என்று உள்ளே எழுதியிருக்கிறது, ஆனால் லினக்ஸ் 512 என்கிறது என்று அது ஓர் எச்சரிக்கையைக் காட்டியிருக்கிறது. அதைப் பார்த்ததும் அவருக்குப் பென்டிரைவ் செத்துவிட்டது என்பது உறுதியாகிவிட்டது.

அந்தப் பென்டிரைவுக்கு ஒரு குறையும் இல்லை. அதில் எழுதப்பட்டிருந்தது ஹைப்ரிட் ஐஎஸ்ஓ எனப்படும் கோப்பு. ஐஎஸ்ஓ என்பது ஒரு சிடியின் முழு உள்ளடக்கத்தையும் அப்படியே ஒரே கோப்பாக வைத்திருப்பது. சிடியில் எழுதினாலும் பூட் ஆகும், பென்டிரைவில் எழுதினாலும் பூட் ஆகும் என்ற வகையில் ஆக்கப்பட்ட கோப்பு அது. அதற்குள் ஒன்றோடொன்று பொருந்தாதவை போலத் தோன்றும் இரண்டு மூன்று பார்ட்டிஷன் அட்டவணைகள், அதாவது வட்டின் எந்தப் பகுதி எதற்கு என்று சொல்லும் பட்டியல்கள், இருக்கும். அவற்றை ஒரே வட்டின் ஒரே கணக்காக எண்ணிப் படித்தால் எல்லாமே பிழையாகத் தெரியும். எந்த அட்டவணை யாருக்காக எழுதப்பட்டது என்று பிரித்துப் படித்தால் ஒவ்வொன்றும் சரியாக இருக்கும். இதைத்தான் அந்த மாணவருக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் சொல்லிக் காட்டினேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பார்ட்டிஷன் என்ற சொல்லுக்குச் செட்டிநாட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. காரைக்குடியில் நான் வேலை செய்யும் அறை ஒரு பழைய வீட்டின் முகப்பை ஒட்டியது. வீட்டுக்கார ஆச்சியின் பாகப்பிரிவினைப் பத்திரத்தை ஒருமுறை ஸ்கேன் செய்து கொடுத்தேன். இந்த அறை இன்னாருக்கு, அதன் நான்கு எல்லைகள் இவை என்று பங்கு பங்காக எழுதிவிட்டு, முகப்பும் வளவு வாசலும் கிணறும் பொது என்று அதில் குறித்திருந்தார்கள். பங்காளிகள் ஒவ்வொருவருடைய பத்திரத்திலும் அந்தக் கிணறு வரும். கிணறு ஒன்றுதான். பத்திரங்களை மட்டும் அடுக்கிவைத்து எண்ணுகிற ஒருவர், அந்த வீட்டில் இத்தனை கிணறுகளா என்று திகைப்பார். ஹைப்ரிட் ஐஎஸ்ஓவைப் பார்த்து நம் கருவிகள் திகைப்பதும் இதே காரணத்தால்தான்.

சிடியிலிருந்து பூட் ஆவதும் வட்டிலிருந்து பூட் ஆவதும் வெவ்வேறு காலத்தில், ஒன்றையொன்று எண்ணிப் பாராமல் வகுக்கப்பட்ட முறைகள். வன்வட்டில் முதல் 512 பைட்டுக்குள் பூட் நிரலையும் பார்ட்டிஷன் அட்டவணையையும் சேர்த்து வைக்கும் எம்பிஆர் முறை, ஐபிஎம் பிசி எக்ஸ்டியோடு 1983-இல் வந்தது. சிடியின் கோப்பு அமைப்பான ஐஎஸ்ஓ 9660 தரம் 1988-இல் வெளியானது. அந்தத் தரத்தில் பூட் ஆவதற்கு முழுமையான வழிமுறை எதுவும் இல்லாததால், ஃபீனிக்ஸ் நிறுவனமும் ஐபிஎம்மும் சேர்ந்து 1995-இல் எல் டொரிட்டோ என்ற முறையை வகுத்தன. அதன்படி பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் நிரல்) சிடியின் 17-ஆம் செக்டருக்கு (சைபரிலிருந்து எண்ணும் சம அளவுத் துண்டுகளில் ஒன்றுக்கு) போய், அங்கே குறித்திருக்கும் பூட் பட்டியலின் முகவரியை எடுத்து, அந்தப் பட்டியலில் உள்ள நிரலை நினைவகத்தில் ஏற்றுகிறது. சிடியின் செக்டர் 2048 பைட். வன்வட்டின் செக்டர் 512 பைட். நான்கு மடங்கான இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவில் அது திரும்பத் திரும்ப வரும்.

இந்த இரு முறைகளும் ஒரே கோப்பில் குடியிருக்க முடிந்ததற்குக் காரணம் ஐஎஸ்ஓ 9660 விட்டுவைத்த ஒரு வெற்றிடம். அந்தத் தரம் தன் முதல் 16 செக்டர்களைத் தொடுவதே இல்லை. 16 பெருக்கல் 2048, அதாவது 32,768 பைட், அமைப்புகளின் சொந்தப் பயனுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. சிடியின் கணக்கு 32,768-ஆவது பைட்டில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து அடுத்த பைட்டில் சிடி001 என்ற ஐந்து எழுத்துக் குறி நிற்கும். வீட்டுக்காரர் தனக்கென வைத்துக்கொள்ளாமல் வழிப்போக்கருக்கு விட்ட திண்ணை போன்றது அந்த இடம். எம்பிஆர் கேட்பதோ சைபராவது பைட்டிலிருந்து வெறும் 512 பைட். ஆகவே சிடிக்கு எந்த இடையூறும் இல்லாமல் திண்ணையில் ஓர் எம்பிஆரை உட்கார வைத்துவிடலாம். சிடி இயக்கி அதைப் பார்க்காது. வன்வட்டு என்று நினைத்து வரும் பயாஸ் அதைத் தவிர வேறு எதையும் பார்க்காது.

இனி அந்த 512 பைட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். முதல் 440 பைட் பூட் நிரலுக்கு. அடுத்த ஆறு பைட்டில் வட்டின் அடையாள எண்ணும் ஒரு சிறு இடைவெளியும். 446-ஆவது பைட்டில் பார்ட்டிஷன் அட்டவணை தொடங்குகிறது: ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கு வரிகள், மொத்தம் 64 பைட். கடைசி இரண்டு பைட்டில் ஹெக்ஸ் எண்ணில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்) 55, ஏஏ என்ற முத்திரை. அது இல்லையென்றால் பயாஸ் இதை எம்பிஆர் என்றே ஒப்புக்கொள்ளாது.

மாணவர் எழுதியிருந்த டெபியன் ஐஎஸ்ஓவை, பைட்டுகளை ஹெக்ஸ் எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப் கொண்டு திறந்தோம். 446-இல் இருக்கும் முதல் வரி 80 என்று தொடங்குகிறது. இந்தப் பார்ட்டிஷனிலிருந்து பூட் ஆகலாம் என்பதன் குறி அது. அதன் தொடக்க செக்டர் சைபர். நீளம், ஐஎஸ்ஓ கோப்பின் முழு நீளம். சைபரில் தொடங்குகிறது என்றால், அந்த அட்டவணை எழுதப்பட்டிருக்கும் செக்டரையே அந்தப் பார்ட்டிஷன் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது என்று பொருள். வழக்கமான வட்டில் இப்படி யாரும் எழுதமாட்டார்கள். வகை எண் 00. இந்த வரியைக் காலி என்று எடுத்துக்கொள்ளலாம் என விண்டோஸுக்குச் சொல்வது அது. மாணவர் பார்த்த இரண்டரை எம்பிக்கு இங்கேயே பாதி விடை இருக்கிறது.

மீதி விடை 462-இல் தொடங்கும் இரண்டாம் வரியில் இருக்கிறது. அதன் வகை எண் ஈஎஃப், அதாவது பயாஸுக்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ என்னும் ஃபர்ம்வேருக்கான (கணினியைத் தொடக்கும் உள்நிரலுக்கான), ஃபேட் என்ற கோப்பு அமைப்புள்ள பார்ட்டிஷன். அதன் கடைசி எட்டு பைட்டுகளை மாணவரையே காகிதத்தில் எழுதச் சொன்னேன். ஈ0, 0எஃப், 00, 00 என்பது தொடக்கம். 40, 14, 00, 00 என்பது நீளம். இன்டெல் வழக்கப்படி சிறிய மதிப்புள்ள பைட் முன்னால் நிற்கும் என்பதால் வலமிருந்து திருப்பிப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் தொடக்கம் 4064, நீளம் 5184. ஐயாயிரத்து நூற்று எண்பத்து நான்கை 512 ஆல் பெருக்கினால் 26,54,208 பைட், ஏறத்தாழ இரண்டரை எம்பி. விண்டோஸ் காட்டியது இந்தச் சிறு பார்ட்டிஷனை மட்டுமே. பதினாறு ஜிபியில் மீதியை எந்த அட்டவணையும் குறிப்பிடாததால், அது இருப்பதாகவே விண்டோஸ் சொல்லவில்லை.

இந்த 4064-ஆவது செக்டரில் இருப்பது ஐஎஸ்ஓவுக்கு வெளியே ஒட்டிவைத்த எதுவும் அன்று. ஐஎஸ்ஓவின் கோப்புறைகளுக்குள் சாதாரணக் கோப்பாகக் கிடக்கும் ஒரு ஃபேட் இமேஜ்தான், அதாவது ஒரு ஃபேட் வட்டின் முழுப் பிரதிதான், அது. அதைச் சரிபார்க்க எல் டொரிட்டோ பூட் பட்டியலைப் படித்தோம். யூஇஎஃப்ஐக்கான நிரல் தொடங்கும் இடம் 1016 என்று அங்கே இருந்தது. மாணவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "இது வேற எடம்ல அண்ணே" என்றார். 1016-ஐ நான்கால் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். 4064 வந்ததும் அவர் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது. பூட் பட்டியல் 2048 பைட் செக்டரில் எண்ணுகிறது, எம்பிஆர் 512 பைட் செக்டரில் எண்ணுகிறது. இரண்டும் சுட்டுவது ஒரே பைட்டை. இந்த ஒரு பெருக்கல் கைக்கு வந்துவிட்டால் ஹைப்ரிட் ஐஎஸ்ஓவின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

இரண்டாம் பார்ட்டிஷன் முதல் பார்ட்டிஷனுக்குள் முழுவதுமாகக் கிடக்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். பார்ட்டிஷன்கள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது என்பது நாம் படித்த முதல் பாடம். அந்தப் பாடம், வட்டில் எழுதிக்கொண்டே இருப்பவர்களுக்கானது. ஒருவர் பங்கில் எழுதியது மற்றவர் பங்கை அழித்துவிடும் என்பதால் வந்த விதி. ஐஎஸ்ஓ 9660 படிப்பதற்கு மட்டுமான அமைப்பு. எவரும் எழுதாத இடத்தில் இருவர் படிப்பதால் எந்தச் சேதமும் வராது. பொதுக் கிணற்றில் இருவர் தண்ணீர் இறைக்கலாம், தூர்க்கத்தான் கூடாது. ஆனால் அந்த ஃபேட் பார்ட்டிஷனை எழுதக்கூடிய நிலையில் திறந்து ஒரு கோப்பைச் சேர்த்தால், ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் அந்த இமேஜ் கோப்பும் மாறிவிடும். முழு இமேஜின் சரிபார்ப்புத் தொகையும் அதன்பின் ஒத்துவராது. இதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

அடுத்தது ஜிபிடி. இரண்டு டெராபைட்டுக்கு மேல் எண்ண முடியாத எம்பிஆருக்கு மாற்றாக யூஇஎஃப்ஐயோடு வந்த அட்டவணை இது. இதன் தலைப்பு, வட்டின் இரண்டாம் செக்டரில், அதாவது 512-ஆவது பைட்டில், தன் எட்டு எழுத்துக் குறியோடு தொடங்கும். அதுவும் அதே திண்ணைக்குள் வந்துவிடுகிறது. ஜிபிடி உள்ள வட்டில் எம்பிஆர் தன் வரியில் ஈஈ என்ற வகை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, இந்த வட்டு ஜிபிடிக்கு உரியது, பழைய கருவிகள் தொட வேண்டாம் என்று காவல் நிற்க வேண்டும் என்பது விதி. நாங்கள் பார்த்த டெபியன் ஐஎஸ்ஓவில் எம்பிஆர் அப்படிக் காவல் நிற்கவில்லை. தன் சொந்தப் பார்ட்டிஷன்களைச் சொல்கிறது. ஆகவே விதிப்படி நடக்கும் ஃபர்ம்வேர் அங்கே உள்ள ஜிபிடியை விட்டுவிட்டு, எம்பிஆரின் ஈஎஃப் வரியைப் பின்பற்றி ஃபேட் பார்ட்டிஷனை அடைந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது அட்டவணை. ஆப்பிள் கணினிகள் படிக்கும் ஆப்பிள் பார்ட்டிஷன் மேப், வட்டின் முதல் இரண்டு பைட்டில் ஈ, ஆர் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை எதிர்பார்க்கிறது. ஆனால் பயாஸ் அதே முதல் பைட்டிலிருந்துதான் பூட் நிரலை ஓட்டத் தொடங்கும். ஒரே இடத்தில் ஒருவருக்கு எழுத்தும் மற்றவருக்கு நிரலும் இருக்க வேண்டும். இதற்கு அவர்கள் கண்ட வழி இதுதான்: ஈ, ஆர் என்ற எழுத்துகளின் ஹெக்ஸ் எண்கள் 45, 52. இன்டெல் செயலிக்கு 45 என்பது ஒரு ரெஜிஸ்டரில் (செயலிக்குள் எண் வைக்கும் இடத்தில்) ஒன்றைக் கூட்டு என்ற கட்டளை; 52 என்பது இன்னொரு ரெஜிஸ்டரை நினைவக அடுக்கில் தள்ளு என்ற கட்டளை. அடுத்து வரும் 08, 00 என்ற இரண்டு பைட்டுகளை ஆப்பிள் பெரிய மதிப்பை முன்வைத்துப் படிப்பதால், அதற்கு அவை 2048 என்ற பிளாக் அளவு. இன்டெலுக்கோ அவையும் இன்னொரு சிறு கட்டளையின் பைட்டுகள். அந்த நிரல் அடுத்துச் செய்யப்போகும் வேலைக்கு இவற்றில் எதுவும் தடையில்லை. பின்னால் 90 என்ற பைட்டுகள் வரிசையாக நிற்கின்றன; ஒன்றும் செய்யாமல் அடுத்ததற்குப் போ என்பது அவற்றின் பொருள். நான்கு பைட்டுகளை ஒரு செயலி கட்டளையாக ஓட்டிவிட்டுப் போகிறது, இன்னொரு கணினி அதே நான்கையும் முகவரிச் சீட்டாகப் படிக்கிறது. சொற்களைப் பிரிக்கும் இடத்தை மாற்றினால் வேறு பொருள் தரும் சிலேடை வெண்பாவைப் படிப்பது போன்ற மகிழ்ச்சி எனக்கு இதில் கிடைக்கிறது.

பிளாக் அளவை 2048 என்று அறிவித்ததிலும் காரணம் உண்டு. ஆப்பிளின் அட்டவணை அடுத்த பிளாக்கில் தொடங்க வேண்டும். பிளாக் 512 பைட் என்றால் அது 512-ஆவது பைட்டில் விழுந்து, ஜிபிடியின் தலைப்போடு மோதும். 2048 என்றால் அது அப்பால் தள்ளிப் போய்விடும். ஜிபிடியின் வரிகளும் அந்த இடத்திற்கு வரக்கூடும் என்றாலும், ஜிபிடி தன் வரிகள் எங்கே இருக்கின்றன என்பதைத் தலைப்பிலேயே எழுதிக்கொள்வதால் அவற்றை வேறு இடத்திற்கு நகர்த்திவிடலாம். பார்ட்டெட் காட்டிய எச்சரிக்கையின் பொருள் இப்போது விளங்கும். அது ஆப்பிளுக்கான சீட்டைப் படித்துவிட்டு, அதில் கண்ட 2048-ஐ லினக்ஸ் சொன்ன 512-ஓடு ஒப்பிட்டது. பென்டிரைவில் பழுது என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

இந்த நுட்பத்தை முதலில், லினக்ஸைப் பூட் செய்யும் நிரலான சிஸ்லினக்ஸ் திட்டத்தில் ஐசோஹைப்ரிட் என்ற கருவியாகத் தந்தவர் அத்திட்டத்தின் ஆசிரியர் எச். பீட்டர் ஆன்வின். யூஇஎஃப்ஐக்கும் ஆப்பிள் கணினிகளுக்கும் பொருந்தும்படி அதை விரித்தவர் மேத்யூ கேரட். இன்று பல லினக்ஸ் விநியோகங்கள் தங்கள் ஐஎஸ்ஓவை உருவாக்கப் பயன்படுத்தும் எக்ஸ்ஓரிசோ என்ற கருவியைப் பல ஆண்டுகளாகப் பேணிவருபவர் தாமஸ் ஷ்மிட். அந்தக் கருவியோடு வரும் விளக்கக் கோப்புகள், இந்த 32,768 பைட்டில் எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பைட் பைட்டாகச் சொல்பவை. ஆர்வம் உள்ளவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

பென்டிரைவை மீட்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எழுதும்போது வட்டு முழுவதற்கும் எழுத வேண்டும்; கோப்பை அப்படியே வட்டில் எழுதும் டிடி கட்டளையில், வட்டு முழுவதையும் குறிக்கும் எஸ்டிபி என்று கொடுப்பதற்குப் பதில் அதன் முதல் பார்ட்டிஷனைக் குறிக்கும் எஸ்டிபி1 என்று கொடுத்தால் எம்பிஆர் தன் இடத்தில் உட்காராது, பூட் ஆகாது. விண்டோஸில் பென்டிரைவில் ஐஎஸ்ஓ எழுத உதவும் ரூஃபஸ் மென்பொருள் ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்பது இந்த வகைக் கோப்பைக் கண்டுகொண்டதால்தான். டிடி முறை என்றால் இத்தனை அட்டவணைகளும் அப்படியே போகும். விண்டோஸின் சொந்த நிறுவல் ஐஎஸ்ஓ ஹைப்ரிட் அன்று. அதை டிடி கொண்டு எழுதினால் பென்டிரைவிலிருந்து பூட் ஆகாது.

வேலை முடிந்தபின் பென்டிரைவை வழக்கமான பயனுக்குத் திருப்ப, எல்லாக் குறிகளையும் அழிக்க வேண்டும். இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். புதிய எம்பிஆரை மட்டும் எழுதி, ஒரு பார்ட்டிஷன் போட்டு ஃபார்மட் செய்தேன். இப்போதைய வழக்கப்படி அந்தப் பார்ட்டிஷன் 1 எம்பி தள்ளித்தான் தொடங்கும். ஆகவே 32,769-ஆவது பைட்டில் நின்ற சிடி001 குறியை யாரும் தொடவில்லை. பல மாதங்கள் கழித்தும் லினக்ஸ் அந்தப் பென்டிரைவை ஐஎஸ்ஓ 9660 என்றே அழைத்துக்கொண்டிருந்தது. வைப்எஃப்எஸ் என்ற கட்டளையை -a என்ற குறியோடு வட்டு முழுவதன்மேல் ஓட்டினால், எம்பிஆர், ஜிபிடி, ஆப்பிள், ஐஎஸ்ஓ ஆகிய எல்லாக் குறிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி நீக்கும். எந்த வட்டின்மேல் ஓட்டுகிறோம் என்பதை இரண்டுமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாணவர் அதை ஓட்டினார். ஒவ்வொரு குறி நீங்கும்போதும் திரையில் வந்த பைட் எண்ணைப் படித்து, இது திண்ணையில் இருந்தது, இது வீட்டுக்குள் இருந்தது என்று தானே சொல்லிக்கொண்டார். புதிய பார்ட்டிஷன் போட்டதும் பதினாறு ஜிபியும் வந்துவிட்டது.

அதோடு எழுந்து போவார் என்று நினைத்தேன். அவர் தன் மடிக்கணினியில் இருந்த அண்மைக்கால உபுண்டு (இன்னொரு லினக்ஸ் வகை) ஐஎஸ்ஓவை, பார்ட்டிஷன் அட்டவணையைக் காட்டும் எஃப்டிஸ்க்கில் திறந்தார். அதில் எம்பிஆர் ஈஈ வகையோடு காவல் நிற்கிறது. ஜிபிடியே உண்மையான அட்டவணை. யூஇஎஃப்ஐ பார்ட்டிஷன் ஐஎஸ்ஓவுக்கு உள்ளே இல்லாமல் பின்னால் தனியாக ஒட்டப்பட்டிருக்கிறது. எதுவும் எதன்மேலும் விழவில்லை. முதல் பார்ட்டிஷன் சைபரில் தொடங்காமல் 64-இல் தொடங்குகிறது. அறுபத்து நான்கு ஏன் என்று என்னைக் கேட்க வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டு, பழைய காகிதத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் 64-ஐ 512 ஆல் பெருக்கத் தொடங்கினார். 32,768 என்று வந்தது. "திண்ணைய விட்டுட்டு வீட்டுக்குள்ளேர்ந்து ஆரம்பிக்கிறாங்கண்ணே" என்றார்.